திங்கட்கிழமை மூச்சு

மில் குடியிருப்பு
ஹிதார் மாதம் 3

அன்புள்ள ஹிருத்,

இல்லை, குளிரால் அல்ல. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். குளிர் என்றால் வாரம் முழுக்க இருக்க வேண்டும். உன் அண்ணனுக்கு நெஞ்சு இறுகுவது திங்கட்கிழமை மட்டும்.

நலம் விசாரிக்க மறந்துவிட்டேன். எப்படி இருக்கிறாய்? அடிஸில் வெயில் வந்துவிட்டதா? கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். நீ பக்கத்தில் இல்லை, அந்த ஒன்றைத் தவிர எனக்குக் குறை எதுவும் இல்லை. அத்தையும் சுகம். உனக்கு வறுத்த பார்லி கொடுத்தனுப்பச் சொன்னார். பஸ் டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன்.

காலையில் நன்றாகத்தான் போகிறார். மாலையில் படியேறி வரும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். மற்ற நாட்களில் ஒரே மூச்சில் ஏறிவிடுவார். திங்களன்று நடுவில் நிற்பார். ஏறுவார். மறுபடி நிற்பார். உள்ளே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். நெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டி யாரோ இழுப்பது போல் இருக்கிறதாம். செவ்வாயன்று கயிறு தளரும். வியாழனன்று பாட்டுப் பாடுவார்.

மில்லுக்கு டாக்டர் வருவதும் வியாழக்கிழமைதான். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, “காளை மாடு மாதிரி இருக்கே. அடுத்த ஆள்” என்றாராம்.

அவர் வேலை பார்ப்பது பஞ்சைச் சீவும் கார்டிங் கூடத்தில். அங்கே மேஸ்திரி விடுவதில்லை.

“என்ன அஸ்ராத், நேத்து எத்தனை குடம் தல்லா?”

“நான் தல்லா குடிக்கறதில்லைன்னு உங்களுக்கே தெரியும்ணே.”

“குடிக்காமலே திங்கக்கிழமை இப்படின்னா, குடிச்சா செவ்வாய்க்கிழமை அடக்கம்தான்.”

பஞ்சுக்குள்ளிருந்து எல்லோரும் சிரித்தார்களாம். உன் அண்ணனும் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார். சிரிப்பை முடிக்க மூச்சு போதவில்லை.

ஞாயிறு விடுமுறை. அன்று அவர் நாள் முழுக்க வீட்டில், என் கண் முன்னால்தான் இருக்கிறார்.

நீ நிறையப் படிக்கிறாய். தனக்கே தெரியாமல் ஒருவர் இன்னொருவருக்குக் கெடுதல் செய்ய முடியுமா? உன் புத்தகங்களில் ஏதாவது இருந்தால் எழுது. அவசரமில்லை.

உன்னை எப்போதும் நினைக்கும்,
ஷிதாயே


அடிஸ் அபாபா
ஹிதார் 20

என் அண்ணிக்கு,

(எழுதும்போதே சிரிப்பு வருகிறது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என் கணக்கைப் பார்த்து எழுதியவளை அண்ணி என்று கூப்பிட வேண்டியிருக்கிறது.)

நான் சுகம். நீங்கள் மூவரும் சுகம் என்று படித்ததில் நிம்மதி. பார்லி வந்த அன்றே தீர்ந்தது. விடுதியில் எல்லோரும் உன் கைக்கு நன்றி சொன்னார்கள்.

திங்கட்கிழமை நோய் இங்கே எல்லோருக்கும் இருக்கிறது. என் அறைத் தோழி மார்த்தா மருத்துவம் படிக்கிறாள். அவளாலேயே திங்கள் காலை எழுந்திருக்க முடியாது. அண்ணனுடையதும் அதுபோலத்தான் என்று நினைக்கிறேன். வேலையை வெறுப்பவன் வாயைத் திறப்பதற்குள் அவன் உடம்பு பேசிவிடுகிறது. அண்ணன் விரும்பியா மில்லுக்குப் போனான்? அப்பா இறந்ததும், நான் படிக்க வேண்டும் என்று போனான்.

 தேனும் எலுமிச்சையும் கொடுத்துப் பார்.

தெரியாமல் கெடுதல் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறாய். நான் படிக்கும் வரலாற்றில் பாதி அதுதான். ஆனால் நீ ராஜாக்களைப் பற்றிக் கேட்கவில்லை என்று தோன்றுகிறது. யாரைப் பற்றி?

அம்மாவின் முழங்கால்களுக்கு என் முத்தம்.
ஹிருத்


மில் குடியிருப்பு
தாஹ்சாஸ் 8

ஹிருத்,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சிரித்தேன். நீ சுகமாக இருப்பதற்குக் கடவுளுக்கு நன்றி. நாங்களும் அப்படியே.

இப்போதெல்லாம் சனிக்கிழமை மாலை சித்தி வீட்டுக்குப் போய்விடுகிறேன். பாலத்துக்கு அந்தப் பக்கம், நினைவிருக்கிறதா? சித்திக்கு முட்டி வலி. துணி துவைக்க ஆள் இல்லை. செவ்வாய் காலைதான் திரும்புவேன்.

தேன் கொடுத்தேன். எலுமிச்சையும்.

ஞாயிறு மதியம் சாப்பாட்டில் முதல் கவளத்தை நான் உருட்டி அவர் வாயில் வைப்பது வழக்கம். இப்போது ஞாயிறு நான் இல்லை. புதன்கிழமை வைக்கலாம் என்று இருந்தேன். தட்டு மூடிக்கூடையில் வந்தது. அத்தை மூடியை முழுதாக எடுக்கவில்லை. ஒரு ஓரத்தை மட்டும் தூக்கி, அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“ஏம்மா, நீ கொஞ்சம் அந்தப் பக்கமா திரும்பி உக்காரேன். அவன் சாப்பிடறான்.”

“அம்மா, அவ எங்க பார்த்தா என்ன?” என்றார் உன் அண்ணன்.

“நான் என்னப்பா சொல்லிட்டேன்? அடுப்புப் புகை அவ கண்ணுக்கு ஆகாது. அதுக்குச் சொன்னேன்.”

திரும்பி உட்கார்ந்தேன். புகை அந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது.

என் அப்பா சுகமாம். அறுவடைக்கு நிறைய அரிவாள் அடித்தாராம். நமக்கு ஒரு சமையல் கத்தி செய்து அனுப்பியிருக்கிறார். அத்தை அதைத் துணியில் சுற்றி, வாசலுக்கு வெளியே வைத்திருக்கிறார்.

இந்த வாரமும் திங்களன்று நெஞ்சு இறுகியதாம்.

வேறு விசேஷம் இல்லை. நன்றாகச் சாப்பிடு.
ஷிதாயே


மில் குடியிருப்பு
தாஹ்சாஸ் 21

தங்கை ஹிருத்துக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அம்மா நன்றாக இருக்கிறாள். உனக்கு யார் என்ன எழுதினாலும் நான் நன்றாக இருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அம்மா என்னைப் புனித நீர் ஊற்றுக்கு அழைத்துப் போகிறாள். மில்லில் லீவு தந்துவிட்டார்கள். “போய்க் குளிச்சிட்டு வா, குடிச்சதெல்லாம் இறங்கட்டும்” என்றார் மேஸ்திரி. அங்கேயே தங்கி, காலையில் வெறும் வயிற்றில் குளித்து, குடித்து, பிரார்த்தனை செய்ய வேண்டும். திம்கெத் திருநாளுக்கு முந்திய நாள் திரும்பிவிடுவோம்.

ஷிதாயே வரவில்லை. அம்மா கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு அமைதியாக இருக்கிறது. அவளுடைய சித்தியைத் தேவாலயத்தில் பார்த்தேன். படியில் என்னைவிட வேகமாக ஏறினார்.

நீ அவளுக்கு அடிக்கடி எழுது. நான் சொன்னதாக எழுதாதே.

அண்ணன்,
அஸ்ராத்


அடிஸ் அபாபா
தாஹ்சாஸ் 30

ஷிதாயே,

நலம் விசாரிக்க இன்று பொறுமை இல்லை. மன்னித்துக்கொள்.

நீ ஒரு சொல்லை எழுதாமல் விட்டுவிட்டாய். அண்ணனும் விட்டுவிட்டான். நான் எழுதுகிறேன். கண்.

நீ கொல்லன் மகள், கொல்லர் வம்சத்துக்கே கண் உண்டாம். அவள் பார்த்தால் சோறு விஷமாகும், அவள் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். என் அம்மா இதை நம்புகிறாள். நம்பட்டும், அவள் அப்படியே வளர்ந்தாள். அண்ணன்? உன்னைத்தான் கட்டுவேன் என்று உறவு முழுவதையும் எதிர்த்து நின்றவன். இன்று உன்னை விட்டுவிட்டு ஊற்றுக்குப் போயிருக்கிறான்.

நெருப்பைக் கையாளத் தெரிந்தவனைக் கண்டு நிலம் வைத்திருந்தவன் பயந்தான். பயத்துக்கு ஒரு பெயர் வைத்தான். அவ்வளவுதான் இந்தக் கண்ணின் வரலாறு. இதைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். நல்ல மதிப்பெண் வந்தது. அந்தக் கட்டுரையில் நீ இல்லை. அதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

சித்தி வீட்டுக்குப் போவதை நிறுத்து. தட்டுக்கு நேராக உட்கார். நேராகப் பார். அம்மாவுக்கு நான் தனியாக எழுதுகிறேன்.

உடனே பதில் எழுது.
ஹிருத்


அடிஸ் அபாபா
யெகாதித் 2

ஷிதாயே,

சுகமா? இரண்டு கடிதங்கள் போட்டேன். பதில் இல்லை. அம்மாவிடமிருந்தும் இல்லை. பஸ் டிரைவரைக் கேட்டேன். “பொண்ணு பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும்மா” என்றார். 

கோபமாக எழுதிவிட்டேனா?

ஒரு வரி போதும்.
ஹிருத்


சித்தி வீடு
யெகாதித் 12

அன்புள்ள ஹிருத்,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம்தான். சித்தியின் முட்டியும் சுகம். அதற்கு ஒருபோதும் வலி இருந்ததில்லை.

உன் கடிதத்தில் கோபம் இருந்தது. அதனால் அல்ல நான் எழுதாதது. அத்தை நம்புகிறார், அண்ணன் நம்புகிறான் என்று எழுதியிருந்தாய். நான் நம்புகிறேனா என்று நீ கேட்கவில்லை.

நம்பினேன், ஹிருத். கண் உள்ளவருக்கே அது தெரியாது என்று சொல்வார்கள் அல்லவா? என் பாட்டனுக்கு, அப்பாவுக்கு, எனக்கு என்று வந்திருந்தால்? நான் அவரை ஆசையாகப் பார்ப்பதே அவர் நெஞ்சைக் கட்டும் கயிறாக இருந்தால்? நம்பிக்கை இல்லாத உன்னிடம் இதை எப்படிக் கேட்பது? பெஞ்சில் பக்கத்தில் இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

அதனால்தான் ஞாயிறுகளில் போனேன். காரணம் நானா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். சனி மாலை போனால் செவ்வாய் காலை வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. கிறிஸ்துமஸ் வரை ஒவ்வொரு வாரமும். ஒவ்வொரு திங்களும் அவர் படியில் நின்றிருக்கிறார். கீழ் வீட்டுப் பெண் எனக்குச் சொல்வாள்.

அத்தையிடம் சொன்னேன். “நான் இல்லாத வாரமும் அவருக்கு வருதே, அத்தை.”

“சனிக்கிழமை போகும்போது வாசல்ல நின்னு திரும்பிப் பார்த்துட்டுத்தானே போறே?” என்றார்.

திரும்பிப் பார்த்தது உண்மைதான்.

ஊற்றில் அவருக்கு மூச்சு சுகமாக வந்தது. அங்கே ஒரு திங்கட்கிழமை வந்து போனது. ஒன்றும் இல்லை. அத்தை மண்டியிட்டு அழுதாராம், நோய் போய்விட்டது என்று. திம்கெத்துக்கு முந்திய ஞாயிறு திரும்பினார்கள். நான் வீட்டில் இருந்தேன். நீ சொன்னது போல் நேராக உட்கார்ந்தேன், நேராகப் பார்த்தேன். மறுநாள் திங்கள், திருநாள். மில் மூடியிருந்தது. ஊர்வலத்தில் அவர் இளைஞர்களோடு குதித்தார், பாடினார். மாலையில் படியில் நிற்காமல் ஏறினார். திங்கட்கிழமை, ஹிருத். நான் இரண்டு நாள் முழுக்கப் பார்த்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

செவ்வாயன்று வேலைக்குப் போனார். மாலையில் அவரை இருவர் தாங்கிப் படியேற்றினார்கள்.

அன்று எனக்கு இரண்டு விஷயம் தெரிந்தது. நான் இல்லை. திங்கட்கிழமையும் இல்லை. ஓய்வுக்குப் பிறகு வரும் முதல் நாள். அந்த முதல் நாளில் அவர் எதையோ சந்திக்கிறார். எதை என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தைக்குத் தெரிந்தது வேறு. “ரெண்டு நாள் சேர்த்துப் பார்த்தா. ரெண்டு மடங்கா வந்துடுச்சு.”

அடுத்த நாள் என் துணி மூட்டையை உன் அண்ணன்தான் படியில் இறக்கிக் கொடுத்தார். ஏதாவது சொல்வார் என்று கீழே நின்றேன். மூட்டையின் முடிச்சைச் சரிசெய்து கொண்டிருந்தார். ஈஸ்டர் முடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் கூடி எங்களைப் பிரித்துவைப்பார்கள் என்று சித்தி கேள்விப்பட்டு வந்தாள்.

நான் அழவில்லை என்று எழுத மாட்டேன். ஆனால் சந்தோஷமும் இருக்கிறது. நான் இல்லை. இதை உன் ஒருத்திக்கு எழுத வேண்டும் என்று இருந்தது.

உன்,
ஷிதாயே


அடிஸ் அபாபா
யெகாதித் 25

என் ஷிதாயே,

நோன்பு எப்படிப் போகிறது? நான் சுகம் என்று எழுதினால் பொய். உன் கடிதத்துக்குப் பிறகு ஒழுங்காகத் தூங்கவில்லை. நான் கேட்கவில்லை என்று எழுதினாய். ஆமாம்.

மார்த்தாவிடம் படித்துக் காட்டினேன். பாதியில் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு, “இதை எங்க டாக்டர்கிட்ட காட்டணும்” என்றாள். நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பாடம் எடுப்பவர். வயதானவர். நடக்கும்போது அவருக்கே இரைக்கிறது.

நின்றபடி படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

“மில்லுல எங்க வேலை?”

“கார்டிங்.”

“பஞ்சு பறக்குமே அங்க.”

“தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளையா வருவான். நாங்க கேலி பண்ணுவோம்.”

“மில் டாக்டர் எப்போ பாக்கறார்?”

“வியாழக்கிழமை.”

அவர் சிரித்தார். “வியாழக்கிழமை எல்லாரும் நல்லாத்தாம்மா இருப்பாங்க. எக்ஸ்-ரே எடுத்தாலும் பெரிசா ஒண்ணும் தெரியாது. திங்கக்கிழமை எப்படி இருக்குன்னு கேக்கணும். கேட்டாத்தான் இந்த நோய் தெரியும்.”

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. பிஸினோசிஸ். பஞ்சுத் தூசி நோய் என்று வைத்துக்கொள். தூசி மூச்சுக்குழாய்களை இறுக்குகிறது. வாரம் போகப் போக நெஞ்சு அந்தத் தூசியோடு ஒருவகையாகச் சமாளித்துக்கொள்கிறது. ஞாயிறு ஓய்வில் அந்தச் சமாளிப்பு விட்டுப்போகிறது. அடுத்த முதல் நாள் மறுபடி இறுகுகிறது. ஊற்றில் சுகமானது தூசி இல்லாததால். அந்தச் செவ்வாய் அவ்வளவு மோசமானது, ஓய்வு அவ்வளவு நீளமாக இருந்ததால்.

நீ எழுதிய ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. பிறகு அவர் ஒன்று கேட்டார். அதை நீதான் அண்ணனிடம் கேட்டுச் சொல்ல வேண்டும்.

“இப்போ செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கான்?”

இதுதான் முக்கியமாம். முதலில் திங்கள் மட்டும். வருடங்கள் போனால் செவ்வாய். பிறகு புதன். கடைசியில் ஞாயிறும் சேர்ந்துவிடும். அதற்குள் பஞ்சை விட்டு விலகினால் நெஞ்சு பிழைக்கும். பிந்தினால் விலகியும் திரும்பாது.

டிரைவரிடம் ஒரு ஊதும் குழாய் அனுப்பியிருக்கிறேன். ஆஸ்பத்திரியுடையது, உடைத்துவிடாதே. ஆழமாக மூச்சிழுத்து ஒரே ஊதாக ஊத வேண்டும். பக்கத்தில் ஒரு முள் நகரும். திங்கள் காலை வேலைக்கு முன், மாலை வேலைக்குப் பின். முள் எங்கே நிற்கிறது என்று குறித்து அனுப்பு. மில்லுக்கு டாக்டர் கடிதம் தருவார்.

வீட்டைவிட்டு அனுப்பப்பட்டவளிடம் இதைக் கேட்கிறேன் என்று தெரியும். அண்ணனுக்கு அனுப்பினால் ஊதாமல் அலமாரியில் வைத்துவிடுவான்.

ஹிருத்


மில் குடியிருப்பு
மெகாபித் 15

தங்கை ஹிருத்துக்கு,

நீ சுகமா? அம்மா சுகம். நோன்புக்குக் கடலைமாவுக் குழம்பே மூன்று வேளையும். என்னைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

நேற்றுக் காலை மில் கேட்டில் ஷிதாயே நின்றிருந்தாள். மூட்டையை இறக்கிக் கொடுத்த பிறகு நேற்றுத்தான் பார்க்கிறேன். தரையைப் பார்த்தபடி குழாயை நீட்டினாள்.

“என்னைப் பாரேன்” என்றேன்.

“நீங்க குழாயைப் பாருங்க” என்றாள்.

ஊதினேன். முள் மேலே ஏறி நின்றது. அவள் பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டாள். பின்னால் கார்டிங் கூட்டம் நின்றுவிட்டது.

“என்னடா இது, ஊதுகுழலா? யாருக்குக் கல்யாணம்?”

“நோன்புல கல்யாணமாடா? பாவம் சேர்க்காதே.”

ஷிதாயே தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “திங்கக்கிழமை நெஞ்சு இறுகறவங்க ஊதலாம்.”

 பிறகு எங்கள் கூடத்து லகெவ் வந்தான். அவன் பின்னால் இன்னொருவன். ஹிருத், எல்லோருக்கும் இருந்திருக்கிறது. ஒவ்வொருவனும் தனக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குற்றவாளியைப் பிடித்து வைத்திருந்தான். லகெவ் ஞாயிற்றுக்கிழமை மிளகாய் தொடுவதை நிறுத்தியே பல வருடமாம். ஒருவன் பூசைக்குப் போகாததற்குத் தண்டனை என்று நினைத்துப் போக ஆரம்பித்தான், அப்புறம் தேவாலயத்துச் சாம்பிராணிதான் காரணம் என்று நிறுத்திவிட்டான். இன்னொருவன் இரண்டு முறை வீடு மாறியிருக்கிறான். மற்றவர்கள் தல்லா என்று நினைத்தார்கள், அதனால் சந்தோஷமாகச் சகித்துக்கொண்டார்கள். நான் ஒருவன்தான் வீட்டு மனுஷியைப் பிடித்தேன்.

மாலையில் திரும்ப ஊதினோம். என் முள் காலைக் கோட்டுக்குப் பாதி வழியில் நின்றது. லகெவுக்கு அதற்கும் கீழே. காலையில் கடைசியாக ஊதிய மேஸ்திரி மாலையிலும் கடைசியில் வந்தார். “எனக்கு வயசாச்சு, அவ்வளவுதான்” என்று சொல்லிக்கொண்டே ஊதினார். அவர் முள் காலையிலும் ஏறவில்லை, மாலையிலும் ஏறவில்லை. குழாய் பழுது என்றார். யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் கேட்டாராமே, செவ்வாய் எப்படி என்று. ஷிதாயே கேட்டாள். ஒரு வருடமாகச் செவ்வாயும் இருக்கிறது. வெளியில் சொல்லவில்லை. செவ்வாயன்று படியேறுவதற்கு முன் கீழேயே நின்று மூச்சை வாங்கிக்கொண்டு ஏறுவேன். அவளுக்கு அது கேட்காது.

கண் இல்லை என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அம்மா சொன்னபோது, இல்லை என்று என் வாய் சொல்லவில்லை. மூச்சு கிடைக்காதபோது காரணம் ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும் என்று ஆகிவிடுகிறது. நீ இதற்கு வேறு ஏதாவது சொல்வாய்.

வீட்டுக்கு வா என்று கூப்பிட்டேன். “நீங்க வேற கதவு வழியா வேலைக்குப் போற அன்னிக்கு வரேன்” என்றாள். துணி மடிக்கும் கூடத்துக்குப் பின்பக்கக் கதவு. அங்கே தூசி இல்லை. கூலி குறைவு. உன் படிப்புக்குப் பணம் அனுப்புவது கார்டிங் கூலியிலிருந்து. அதை அவளிடம் சொன்னேன். குழாயைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணன்,
அஸ்ராத்


அடிஸ் அபாபா
மெகாபித் 23

அண்ணா,

டாக்டரின் கடிதம் இதோடு இருக்கிறது. உனக்கும் மற்ற எல்லோருக்கும் சேர்த்து எழுதியிருக்கிறார். மில் மேனேஜரிடம் நேராகக் கொடு, மேஸ்திரி வழியாக வேண்டாம்.

எனக்கு இனிமேல் அனுப்பாதே. மாலையில் இரண்டு வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். சுகமாக இருக்கிறேன். உன் மூச்சில் நான் படித்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. போதும்.

பின்பக்கக் கதவு வழியாகப் போ.

ஹிருத்


மில் குடியிருப்பு
மியாஸியா 14

அன்புள்ள ஹிருத்,

மேலே எழுதிய முகவரியைப் பார்த்திருப்பாய். உனக்கு ஈஸ்டர் வாழ்த்து. உடம்பு எப்படி? பாடம் சொல்லித் தருவதில் தொண்டை வலிக்கிறதா?

மேனேஜர் கடிதத்தை இரண்டு வாரம் வைத்திருந்தார். கடைசியில் உன் அண்ணனையும் லகெவையும் மடிக்கும் கூடத்துக்கு மாற்றினார்கள். ஈஸ்டர் விடுமுறைக்குப் பிறகு, செவ்வாயிலிருந்து. மற்றவர்களுக்கு இன்னும் பதில் இல்லை. மில் டாக்டர் வியாழனை மாற்றவில்லை. குழாயை நான் திருப்பி அனுப்பவில்லை; திங்கட்கிழமைகளில் கேட்டில் நிற்கிறேன். உன் டாக்டரிடம் மன்னிப்புக் கேள்.

சனிக்கிழமை அத்தை சித்தி வீட்டுக்கு வந்தார். அந்த வயதில், பாலத்தைத் தாண்டி, தனியாக. உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

“அந்தக் குழாய் சொல்றதெல்லாம் எனக்குப் புரியாது” என்றார். “வீட்ல கோழி இருக்கு. குழம்பு வைக்க என் கை முன்ன மாதிரி இல்ல.”

“செவ்வாய்க்கிழமை வரேன், அத்தை.”

“செவ்வாய்க்கிழமை வரைக்கும் கோழி இருக்குமா?”

“இருக்கறதை வைங்க.”

“அவங்க அப்பன் மாதிரியே, அடிச்சாலும் வளையாது” என்று சித்தியிடம் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நேற்று மதியம் மூட்டையோடு வந்தேன். அப்பா அனுப்பிய கத்தி அடுப்படியில் இருந்தது, வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது.   காபி வறுத்தோம். மாலை மில் சங்கு ஊதியது. அத்தை அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் கதவை.

விடுமுறைக்குப் பிறகு முதல் நாள்.

கீழே உன் அண்ணன் நிற்கவில்லை. நேராக ஏறினார். நடுவில் நின்றார், ஒரு முறை. அத்தையின் கை என் முட்டியைப் பிடித்தது. பிறகு மீதிப் படிகளை ஏறிவிட்டார். முழுதாகச் சரியாக நாளாகும் என்று உன் டாக்டர் சொன்னார் அல்லவா, சில நெஞ்சுகள் முழுதாகச் சரியாகாது என்றும்? இது எந்த நெஞ்சு என்று எனக்குத் தெரியாது. புருவம் கறுப்பாக இருந்தது. இத்தனை வருடத்தில் மாலையில் அந்தப் புருவத்தை நான் பார்த்ததில்லை.

அவர் கை கழுவப் போனார். அத்தை சாப்பாட்டுக் கூடையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். ஈஸ்டர் குழம்பிலிருந்து ஒரு கோழிக்காலும் ஒரு முட்டையும் எடுத்து வைத்திருந்தார். மூடியை முழுதாக எடுத்து, தன் பின்னால் சாய்த்து வைத்தார். கூடையை என் பக்கம் தள்ளினார். என்னைப் பார்க்கவில்லை. வாயை மட்டும் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் கை கழுவிவிட்டு வந்து, இஞ்செரா அப்பத்தைக் கிழித்து, முதல் கவளத்தை அத்தைக்கு வைத்தேன்.